பிக்கப் வாங்கப் பட்டம் வேண்டுமா?

பேஸ் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்பை மாற்ற இயற்பியலில் பட்டமா வாங்க வேண்டும்? உள்ளே இருக்கும் காந்தம் அல்னிகோ 2-ஆ, 5-ஆ, செராமிக்கா? சுருளின் மின்தடை எத்தனை கிலோ ஓம்? விளக்கத்தைப் படித்தால் எல்லாமே 'வெதுவெதுப்பான' ஒலிதான். பிக்கப் விற்கிறீர்களா, வெந்நீரா? சரி, இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் மாடல்தானே, சுலபம் என்று பார்த்தால், கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்ததைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை. சில கிட்டாரில் இரண்டும் ஒரே நீளம்! ஸ்கேலோடு உட்கார வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மாற்றலாமா? சுருள் சுற்றிய திசையும் காந்தத் துருவமும் மற்றதோடு பொருந்தாவிட்டால், இரண்டின் வால்யூமையும் முழுதாகத் திறந்தாலும் 'ஙொய்ய்' இரைச்சல் ஓயாது. டெமோ வீடியோக்காரர்களோ புதுக் கம்பி மாட்டி கட்டைவிரலால் ஸ்லாப்பாக அடித்துத் தள்ளுகிறார்கள். ஒரு மெதுவான பாட்டு வாசித்துக் காட்டினால் குறைந்தா போய்விடுவார்கள்? அப்புறம் மேடையில் டிரம்ஸும் லீட் கிட்டாரும் சேர்ந்து அமுக்கும்போது, உள்ளே இருப்பது அல்னிகோவா செராமிக்கா என்று எந்த மகராசன் கண்டுபிடிக்கப் போகிறான்?