சொறிமீன் விஷமும் இல்லை, புற்றுநோயும் இல்லை

மண்டபம், பாம்பன் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. குழந்தையின் தோலில் உள்ள பழுப்புப் புள்ளிகள் தேய்த்ததும் தடித்தால் அது சொறிமீன் விஷமாம், வெந்நீர் ஒத்தடம் போட வேண்டுமாம். தோல் பரிசோதனையில் 'விகார செல்' என்று வந்தால் புற்றுநோயாம். மூன்றுமே தவறு.

தேய்த்ததும் தடிப்பது தோல் மாஸ்ட் செல் நோயின் அடையாளம். டேரியர் குறி என்பார்கள். மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமையில் அரிப்பு, தடிப்பைக் கிளப்பும் எதிர்ப்புச் செல். எல்லோர் தோலிலும் உண்டு, 1878லேயே ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விவரித்ததுதான். இந்நோயில் அது அளவுக்கு மீறிச் சேர்கிறது, பெரும்பாலும் 'கிட்' (KIT) என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால். தொற்றாது. கடலில் இறங்கியதால் வருவதுமில்லை.

இந்தச் செல்லின் உட்கரு வழக்கமாக உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மடலாகப் பிளந்தும் தெரியும். செல்லே இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கலாம். இப்படி வழக்கத்துக்கு மாறான வடிவத்தைத்தான் அறிக்கையில் 'விகார செல்' என்பார்கள், படித்தால் மிரட்டும்தான். ஆனால் தோலில் கண்ட இந்த வடிவத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. மருத்துவர் குழந்தையின் உடல்நிலையையும் ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல் வெளிவிடும் நொதி) அளவையும் சேர்த்தே பார்ப்பார். பல குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் புள்ளிகள் மங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் கதை வேறு, எலும்பு மஜ்ஜையையும் சோதிக்க வேண்டிவரலாம்.

அந்த ஒத்தடம்தான் உண்மையில் ஆபத்து: சூடும் உரசலும் மாஸ்ட் செல்லைக் கிளறி ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் வேதிப்பொருளைக் கொட்டவைக்கும். அரிப்பு கூடும், கொப்புளமும் வரலாம்.