நைட்ரஸ் போடப் போகும் தம்பிகளுக்கு

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான். டெக்சஸில் டல்லஸ் பக்கம் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, 2015 மஸ்டாங் ஜிடி கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான், ரேஸ் ட்ராக்கில் ஓட்ட ஆசை. "அண்ணா, நைட்ரஸ் போடலாம்னு இருக்கேன், நூறு ஷாட் போடவா, நூத்தம்பது போடவா?" இதுதான் அவன் முதல் கேள்வி. எல்லோருக்கும் இதுதான் முதல் கேள்வி. நைட்ரஸ் என்பது பாட்டிலில் அடைத்து இன்ஜினுக்குள் செலுத்துகிற நைட்ரஸ் ஆக்சைடு, நூறு ஷாட் என்றால் அதனால் கூடும் நூறு குதிரைத்திறன். எந்தெந்த நேரத்தில் நைட்ரஸ் பாயாமல் தடுக்கப் போகிறாய், அதற்கு என்னென்ன வாங்கியிருக்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். பதிலே இல்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

நைட்ரஸ் தானாக எரியாது. இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது. காற்றின் எடையில் 23 சதவீதம்தான் ஆக்சிஜன், நைட்ரஸில் 36. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஏற்ற பெட்ரோலும் அதே நொடியில் உள்ளே போக வேண்டும், போகவில்லை என்றால் சூடு தாறுமாறாக ஏறி பிஸ்டன் உருகும். அதனால் பெட்ரோல் பிரஷர் குறைந்தால் நைட்ரஸை உடனே நிறுத்துகிற ஸ்விட்ச் இல்லாமல் யாரும் ட்ராக்குக்கு வரக் கூடாது என்பேன். சின்னப் பொருள், ஒரு பிஸ்டன் விலைகூட இருக்காது.

நிறையப் பேருக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. ஜெட் என்கிற சின்னத் துளை வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு நைட்ரஸ் போகிறதோ அது ஏறக்குறைய மாறாது, இன்ஜின் 2500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 2500 தடவை சுற்றினாலும் சரி, 6000-த்தில் சுற்றினாலும் சரி. அப்படியென்றால் 2500-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்குக்கு மேல் போய்ச் சேர்கிறது! நூறு ஷாட் என்று நினைத்து கீழ் ஆர்பிஎம்மில் அழுத்தினால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வாங்குகிற அடி நூறு ஷாட்டின் அடி இல்லை. மேலே போனால் வேறு தொல்லை. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கிற ரெவ் லிமிட்டர் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், நைட்ரஸ் மட்டும் பாய்ந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள் மட்டும் நைட்ரஸைத் திறக்கிற விண்டோ ஸ்விட்ச். தம்பியின் காரில் லிமிட்டர் 7000, நான் 3200-இல் திறந்து 6700-இல் மூட வைப்பேன். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் வேலை செய்கிற ஸ்விட்சும் கூடவே வேண்டும்.

இதையெல்லாம் வெறுமனே படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் ட்ராக்கில் வரிசையில் நின்றிருந்தேன். பாட்டிலைத் திறந்துவிட்டேன். முன்னால் ஓடிய கார் தரையில் ஆயிலைக் கொட்டிவிட்டது, துடைத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். இன்ஜினை அணைத்தேன், பாட்டிலை மூடவில்லை. நம் முறை வந்ததும் ஸ்டார்ட் பண்ணினேன், குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு இரண்டாகப் பிளந்து பானட்டே மேலே வளைந்திருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பானட்டைத் திறந்து வைத்துத்தான் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது வெடித்திருந்தால் என் முகம் எங்கே இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

வீட்டுக்கு வந்து, நைட்ரஸைத் திறந்து மூடுகிற மின் வால்வான சொலினாய்டைக் கழற்றிப் பார்த்தேன். அரிசியில் பாதிகூட இருக்காது, வெள்ளை டெஃப்லான் டேப்பின் ஒரு நூல் வால்வு மூடுகிற இடத்தில் சிக்கியிருந்தது. கிட் மாட்டிக்கொடுத்த கடையில் குழாய்க்குச் சுற்றுவது போல டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். அந்த நூல் அளவு இடைவெளியில் அரை மணி நேரமாக நைட்ரஸ் கசிந்து இன்டேக் முழுக்க நிரம்பியிருக்கிறது. பைப் த்ரெட்டுக்கு டேப் வேண்டாம், பேஸ்ட் போதும். வாய் விரிந்த ஃப்ளேர் ஃபிட்டிங்குக்கு எதுவுமே வேண்டாம். பாட்டிலைத் திறப்பது கடைசி வேலை, ரன் முடிந்ததும் மூடுவது முதல் வேலை.

அப்புறம் டெக்சஸ் வெயில். நைட்ரஸின் எல்லை 36.4 டிகிரி, அதைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவம் என்று ஒன்று இருக்காது, பிரஷர் கண்டபடி ஏறும். நமக்குத் தேவை 900 முதல் 950 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பிரஷர். அதற்கு மேலே ஏறினால் நைட்ரஸ் அதிகம் போகும், பெட்ரோல் அதே அளவுதான் போகும், ஆக மறுபடியும் பிஸ்டன் கதைதான். பூட்டிய டிக்கியில் மத்தியானம் முழுக்க வைத்த பாட்டிலை எடுத்து நேராக ஓட்டாதீர்கள், ஈரத் துணி போட்டு ஆறவிட்டு கேஜைப் பாருங்கள். குளிர்காலத்தில் டார்ச் வைத்துச் சூடாக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் நேர்கோட்டு ரேஸ் நடத்துகிற என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிப்படி, தெர்மோஸ்டாட் வைத்த, பாட்டிலைச் சுற்றிப் போர்த்துகிற ஹீட்டர் மட்டும்தான் அனுமதி. பாட்டிலின் தோளில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி 1800 முத்திரையும் கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கும், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் நிரப்பக் கூடாது.

மஸ்டாங்கில் டிக்கியும் கேபினும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நடுவில் பின்சீட்டு மட்டும். பிரஷர் மீறினால் உடைகிற பாட்டிலின் பாதுகாப்புத் தகடு உடைந்தால் பத்து பவுண்டு வாயுவும் உள்ளே கொட்டும், கண் தெரியாது, மூச்சுக்கு ஆக்சிஜனும் இருக்காது. அதை வெளியே கொண்டுபோகிற குழாயைக் கட்டாயம் போடுங்கள். காருக்கான நைட்ரஸில் கந்தக டை ஆக்சைடு கொஞ்சம் கலந்திருப்பார்கள், டிக்கியைத் திறந்ததும் தீக்குச்சி கொளுத்தியது போல வாசனை வந்தால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம்.

டியூனிங் தெரிந்தவரிடம் விடுங்கள். பொதுவாக நைட்ரஸால் கூடும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் தீப்பொறி விடுகிற டைமிங்கை இரண்டு டிகிரி குறைப்பார்கள், ஸ்பார்க் பிளக்கையும் ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவதாக மாற்றுவார்கள். ஆனால் ரன் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்ப்பது உங்கள் வேலை. வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக மினுங்கினால் அது அலுமினியம், உங்கள் பிஸ்டன்தான் கரைந்து வருகிறது.

தம்பியிடம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் நைட்ரஸ் இல்லாமல் ஐந்தாறு ரன் ஓட்டி பிளக்கைக் காட்டட்டும். ஸ்விட்ச் எல்லாம் மாட்டி முடித்த பிறகு 75 ஷாட் ஜெட் ஒரு செட் நானே தருகிறேன், என்னிடம் சும்மாதான் கிடக்கிறது.