தோலுறை கத்தியைத் துருவிலிருந்து காக்காது

"தோலுறையை எண்ணெயில் ஊறவைத்துக் கத்தியை அதற்குள்ளேயே வைத்திருங்கள், ஆயுளுக்கும் துருப்பிடிக்காது" என்ற செய்தி பினாங்கு மலையேறிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு, நல்ல கத்திகளைப் பாழாக்கும் அறிவுரை.

தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பினாங்குக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? பதனிட்ட தோலில் தங்கிய அமிலமும் உப்பும் அந்த ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கின்றன. கார்பன் எஃகு விரைவில் கெடும். 'துருப்பிடிக்காத' எஃகும் தப்பாது. சென்ற மழைக்காலத்தில் இரண்டு வாரம் உறையிலேயே கிடந்த என் கத்தியை உருவிப் பார்த்தேன். தையலோரமாக வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். நகத்தால் வருடினால் குழி தட்டியது. மனம் பதறிவிட்டது.

எண்ணெயில் ஊறிய உறை தொய்ந்துவிடும் என்பது இன்னும் பெரிய ஆபத்து. பிடிப்பு தளர்ந்து, இறக்கத்தில் கத்தி நழுவி விழும்.

கத்தியைக் கழுவித் துடைத்து முழுக்க உலர்த்துங்கள். தையல் இயந்திர எண்ணெயை அலகில் மெல்லியதாகத் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். உணவு நறுக்கும் கத்தி என்றால் உணவுக்கேற்ற கனிம எண்ணெய். நனைந்த உறையை வெயிலில் போடாதீர்கள், தோல் வெடிக்கும். நிழலில் காய்ந்தபின் கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்தால் போதும்.