புனே ஊசியும் பென்னாகரத்துக் குளிர்காய்ச்சலும்

மலேரியாவுக்குத் தடுப்பூசி வந்தாச்சு, அதுவும் புனேயில்தான் செய்கிறார்கள், நமக்கு ஏன் போடுவதில்லை என்று குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா கேட்டிருந்தார். நாலு வரியில் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊசி நிஜம்தான். ஆர்21 என்று பெயர். ஆக்ஸ்போர்டில் உருவாக்கியது, புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு, 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஐந்து மாதக் குழந்தையிலிருந்து நான்கு தவணை. ஆனால் அது மலேரியாக் கிருமிகளில் பால்சிபாரம் என்ற வகையைக் குறிவைத்துச் செய்தது. 2023இல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் ஐந்து வயது தாண்டாத பிள்ளைகள். முதலில் அங்கே போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

என் தங்கைக்கு வந்தது வைவாக்ஸ் என்ற வேறு வகை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் சென்ட்ரிங் வேலை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகலாம் என்று ஐந்து மாத வயிற்றோடு பென்னாகரம் வந்தவளுக்கு, மத்தியான வெயிலில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது, கொஞ்ச நேரத்தில் பாய் நனைய வியர்வை. முதலில் பார்த்த டாக்டர் மாசமாக இருந்தால் உடம்புச் சூடு இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாள் போச்சு. அப்புறம் நர்ஸம்மா வந்து விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி எடுத்துப்போன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

குளோரோகுயினில் காய்ச்சல் அடங்கியது. ஆனால் இந்தக் கிருமி கல்லீரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை விரட்ட 14 நாள் பிரைமாகுயின் வேண்டும், கர்ப்பிணிக்கு அது கூடாது, வயிற்றுப் பிள்ளையின் ரத்த அணுக்களை உடைத்துவிடலாம். எட்டாம் மாதம் மறுபடியும் அதே கம்பளி, அதே நடுக்கம்.

என் ஆத்திரம் இங்கேதான். பாதுகாப்பு என்று சொல்லிக் கர்ப்பிணிகளை ஆய்வுகளிலிருந்து தள்ளிவைப்பது, அப்புறம் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத் தகவல் போதவில்லை என்று கையை விரிப்பது! பால்சிபாரம் ஏறிய ரத்த அணுக்கள் தாயின் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு குழந்தையின் எடையைக் குறைப்பது தெரிந்த சங்கதி. அதைத் தடுக்க பிரான்சிலும் டென்மார்க்கிலும் செய்த இரண்டு ஊசிகள் முதல்கட்டப் பரிசோதனைக்குப் போயின. மாலி நாட்டில் பிள்ளை பெறத் திட்டமிட்டிருந்த சுமார் 300 பெண்களை வைத்து வேறொரு ஊசியைச் சோதித்தார்கள், 2024இல் வெளியான முடிவு நன்றாகவே இருந்தது. கேட்டுத்தான் சேர்த்தார்கள், பெண்களும் வந்தார்கள். வைவாக்ஸுக்கோ புழக்கத்தில் ஒரு தடுப்பூசிகூடக் கிடையாது.

பாப்பா 2 கிலோ 300 கிராம் இருந்தாள். மலேரியாவாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போது நான்கு மாதம், தாய்ப்பால்தான். அதனால் சித்தப்பா, தங்கைக்கு அந்த 14 நாள் மாத்திரை இன்னும் பாக்கி.