மைக் பிரவுன் போனதை மட்டும் பார்த்தால் போதாது

என்பிஏ கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர் போனால் அணி சரிந்துவிடும் என்கிறது ஒரு கட்டுரை. பாதி உண்மை. 2021-22இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் தடுப்பாட்டத்தைக் கவனித்த உதவிப் பயிற்சியாளர் மைக் பிரவுன். கோப்பை வென்ற கையோடு சாக்ரமெண்டோ கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அடுத்த பருவத்தில் வாரியர்ஸ் 53 வெற்றியிலிருந்து 44க்கு இறங்கியது. வெளியூரில் 11 வெற்றி, 30 தோல்வி. ஆனால் பிரவுன் போன அதே கோடையில் ஆட்டக்காரர்கள் கேரி பேட்டனும் ஓட்டோ போர்ட்டரும் கிளம்பிவிட்டார்களே! தடுப்பாட்டத்தின் கை கால்களே அவர்கள்தான். இதைக் கழிக்காமல் பழியை முழுக்கப் பயிற்சியாளர் இடத்தில் போடுவது நியாயமில்லை.

உண்மையான இழப்பு சின்ன வேலைகளில் இருக்கிறது. எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் பங்கு போட்டுக்கொண்டு வீடியோ பார்ப்பார்கள். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு விரலை உயர்த்திச் சைகை காட்டியதுமே என்ன ஆட்டம் வருகிறதென்று பெஞ்சிலிருந்து கத்துவது அந்த அணியின் வீடியோவைப் பார்த்த உதவிப் பயிற்சியாளர்தான். புதியவர் இரண்டு நொடி தாமதித்தால் போதும், எதிரணி ஆள் வழிமறித்து நிற்கும் ஸ்கிரீனில் ஒருவர் ஸ்விட்ச் செய்வார் (காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொள்வார்), இன்னொருவர் பின்வாங்குவார், மூலையில் எதிரணி ஷூட்டர் காவலின்றித் தனியாக நிற்பார். உதவிப் பயிற்சியாளர் கோடையில் போனால் பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமில் இதைச் சரிக்கட்டலாம். பாஸ்டன் செல்டிக்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்த டேமன் ஸ்டௌடமையர் 2023 மார்ச்சில், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குச் சற்று முன் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக அணிக்குப் போனாரே, அதுதான் சிக்கல்: கற்றுக்கொடுக்க பயிற்சி நாளே மிஞ்சாது.