பிசினஸ் பிளான் ஒரு பக்கம் போதும்

தொழில் தொடங்கப் போகிறேன் என்று 80 பக்க பிசினஸ் பிளானோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. அவர்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். ஆனால் "யார் வாங்குவார்கள், ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்?" என்று கேட்டால், பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

பக்கம் கூடக் கூட, தொழிலின் பலவீனமான இடம் எழுதியவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அந்த பிளானில் வரும் ஐந்தாண்டு லாபக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் முதல் ஆண்டு விற்பனையைக் குத்துமதிப்பாகப் போட்டு, அடுத்த கட்டத்தில் 20 சதவீத வளர்ச்சி என்று ஒரு ஃபார்முலா. மூலையைப் பிடித்து இழுத்தால் ஐந்தாம் ஆண்டு வரை லாபம் தானாக நிரம்பிவிடும். தசமப் புள்ளி வரை எண்கள் வந்து நிற்பதால் நம்பத் தோன்றுகிறது. அத்தனைக்கும் அடியில் இருப்பது அந்த முதல் குத்துமதிப்பு மட்டும்தான்.

ஒரே பக்கத்தில் எழுதினால் இப்படி மறைக்க இடமிருக்காது. உதாரணத்துக்கு, ஒரு பொருள் விற்றால் அதன் செலவு போக 40 ரூபாய் மிஞ்சும். வாடகை, சம்பளம், வட்டி என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 20,000 ரூபாய் போகும். அப்படியானால் மாதம் 500 பொருள் விற்றால்தான் கையைக் கடிக்காது. 25 வேலை நாள் என்றால், தினம் 20. இந்த 20 பேர் எங்கிருந்து வருவார்கள்? உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான். கடனுக்கு விற்றுப் பணம் வர 60 நாள் ஆகுமென்றால், அதுவரை எதை வைத்து ஓட்டுவது என்பது அடுத்த வரி. லாபத்தில் ஓடும் தொழில்கள்கூட ரொக்கம் இல்லாமல் மூடப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு தொழில் எப்படி ஓடும் என்று ஒரே பார்வையில் காட்ட, மேலாண்மை எழுத்தாளர் அலெக்ஸ் ஆஸ்டர்வால்டர் கொண்டுவந்த பிசினஸ் மாடல் கேன்வாஸ் ஒரே தாளில் 9 கட்டங்கள்தான். நல்ல கருவி. ஆனால் பணம் எப்போது வரும், எப்போது போகும் என்பதற்கு அதில் தனி இடமில்லை. அதைக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம், சேவை தொடங்கிய சூட்டோடு 1999-ல் பல நகரங்களில் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஆர்டர்கள் அந்த வேகத்தில் வரவில்லை. 2001 ஜூலையில் திவால். பணமோ திறமையோ இல்லாதவர்கள் இல்லை அவர்கள். தினம் எத்தனை ஆர்டர் வந்தால் ஒரு கிடங்கு தாங்கும் என்பதை முதல் ஊரிலேயே பார்த்துவிட்டு, பிறகு அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பேங்க் லோனுக்கு விரிவான ரிப்போர்ட் கேட்பார்களே என்பீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். அந்த ஒரு பக்கத்தை முதலில் எழுதி, அதை விரித்து ரிப்போர்ட் ஆக்குங்கள். வேறு யாரோ எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எழுதிய பக்கத்தை மேஜையிலேயே வைத்திருங்கள். மாதம் முடிந்ததும் நிஜ எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். 500-க்கு எதிரே 180 என்று வந்தால், விலை சரியில்லையா, செலவு கூடிவிட்டதா, வாங்குகிற ஆளே வேறா என்று பார்ட்னரோடு அன்றைக்கே உட்கார்ந்து பேசலாம்.