குளத்தில் எத்தனை அடி?

இடம்: கிளிநொச்சி, முரசுமோட்டையில் ஒரு வீட்டு விறாந்தை. பங்குனி மாதம், விடியற்காலை 4 மணி. அடுத்த கிழமை, குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கும் கோடை நெல்லுக்கான சிறுபோகக் கூட்டம். பேத்தி அறிவியல் நகர் கம்பஸில் பொறியியல் இரண்டாம் வருடம். சோதனைக்கு 12 நாள் இருக்கிறது. மேசையில் கொப்பிகள், ஆறு நிறப் பேனைகள், ஆறிப்போன பிளேன் ரீ. அம்மப்பா துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு வருகிறார். (இந்த மனிதர் எப்போது தூங்குகிறார் என்பது ஊருக்கே தெரியாது.)

அம்மப்பா: என்ன பிள்ளை, இந்த நேரத்தில் லைட்?

பேத்தி: படிக்கிறேன் அம்மப்பா.

அம்மப்பா: பத்து நிமிடமாகப் பார்க்கிறேன், ஒரே பக்கந்தான் விரிந்து கிடக்கிறது. போனில் யாரோ கத்துகிறான்.

பேத்தி: அது மோட்டிவேஷன் வீடியோ. ‘எழும்பு, எழும்பு’ என்கிறார்.

அம்மப்பா: நீ எழும்பித்தானே இருக்கிறாய்? படுக்கவே இல்லையே.

பேத்தி: மனம் எழும்பவில்லை. எனக்கு பேர்ன் அவுட் வந்துவிட்டது.

அம்மப்பா: நுளம்பால் வருவதா?

பேத்தி: இல்லை, உள்ளுக்குள் எரிந்து முடிவது. ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர் 1974இல் அமெரிக்காவில் அதைப் பற்றி எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனமும் விளக்கம் கொடுத்தது. சக்தி வற்றிப் போகும், வேலையில் வெறுப்பு வரும், செய்வது எதுவும் சரிவராது. மூன்றும் எனக்கு இருக்கிறது.

அம்மப்பா: அப்ப ஆசுபத்திரிக்குப் போக வேண்டிய வருத்தமா?

பேத்தி: வருத்தம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலை அழுத்தம் நீண்ட நாள் தீராமல் கிடந்தால் வருகிற நிலையாம். அதுவும் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அம்மப்பா: சம்பளம் வர முதலே அது வந்துவிட்டது! உன் அம்மாவும் இப்படித்தான், எல்லாவற்றிலும் அவசரம். (குரலைத் தாழ்த்தி) அழுகை வருகிறதா பிள்ளை?

பேத்தி: அழுகை இல்லை. சிரிப்புத்தான் வருவதில்லை.

அம்மப்பா: கம்பஸில் மாணவர் ஆலோசகர் இருப்பாரே, போய்க் கதைத்தாயா?

பேத்தி: நேரசூசியில் போட்டிருக்கிறேன். சோதனை முடிந்த பிறகு.

அம்மப்பா: வீடு எரிந்து முடிந்த பிறகு வாளியைத் தேடு. நாளைக்கே போ. சரி, உந்த நேரசூசியை வாசி.

பேத்தி: 4 முதல் 7 வரை கணிதம். 7 முதல் 7.10 வரை குளிப்பு, சாப்பாடு.

அம்மப்பா: கிணற்றடியிலேயே கோப்பையை வைத்துக்கொள்வாயா?

பேத்தி: பிறகு லெக்சர், அசைன்மென்ட், குறூப் வேலை. இரவு 1 முதல் 4 வரை நித்திரை.

அம்மப்பா: மத்தியானம்?

பேத்தி: மத்தியானம் வைக்க இடமில்லை.

அம்மப்பா: இரணைமடுக் குளம் எத்தனை அடி தண்ணீர் கொள்ளும்?

பேத்தி: 36.

அம்மப்பா: சிறுபோகத்துக்கு ஏன் கூட்டம் வைக்கிறோம்?

பேத்தி: சண்டை பிடிக்க.

அம்மப்பா: சண்டை பிறகு. முதலில் நீர்ப்பாசனத்துக்காரர் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் ஆளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது. எங்கள் ஆசையைக் கேட்டுப் பிரிப்பதில்லை. நேற்று எத்தனை மணித்தியாலம் படுத்தாய்?

பேத்தி: மூன்று.

அம்மப்பா: முந்தாநாள்?

பேத்தி: இரண்டரை.

அம்மப்பா: உன் குளத்தில் துருசை, அதுதான் மதகை, திறந்தால் இனிச் சேறுதான் வரும்.

பேத்தி: அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தக்காளி முறை. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. நாலு தரம் முடிந்தால் பெரிய ஓய்வு.

அம்மப்பா: தக்காளியை எப்போது சாப்பிடுவது?

பேத்தி: ஐயோ! சிரில்லோ என்கிற இத்தாலியர், தான் படிக்கிற காலத்தில், 1980களின் கடைசியில், தக்காளி மாதிரி இருந்த குசினி மணிக்கூட்டை வைத்துத் தொடங்கிய முறை இது.

அம்மப்பா: கெட்டிக்காரன். அந்த 5 நிமிடத்தில் நீ என்ன செய்கிறாய்?

பேத்தி: வீடியோ பார்க்கிறேன்.

அம்மப்பா: எழும்பு, எழும்பு?

பேத்தி: ஓம்.

அம்மப்பா: அது எத்தனை நிமிடம்?

பேத்தி: 48.

(அம்மப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார். கதை நீளப்போகிறது என்று நாய்க்கும் விளங்கி, அது சுருண்டு படுத்துவிட்டது.)

அம்மப்பா: உழுகிற நேரம் லாண்ட்மாஸ்டர் கொதித்து ஆவி அடித்தால் என்ன செய்வோம்? ‘உன்னால் முடியும்’ என்று பக்கத்தில் நின்று கத்துவோமா? நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றுவோம். உந்தக் கம்பஸில் இதைச் சொல்லித் தரவில்லையா?

பேத்தி: வெப்ப இயக்கவியல் போன செமஸ்டர் வந்தது. சி எடுத்தேன்.

அம்மப்பா: தெரிகிறது.

பேத்தி: அப்படியே உங்கள் கணக்கையும் பார்ப்போமா? போன சிறுபோகம் உங்கள் பங்கு அரை ஏக்கர். விதைத்தது ஒன்றேகால்.

அம்மப்பா: மெல்லக் கதை! கமக்கார அமைப்புத் தலைவர் பக்கத்து வளவு.

பேத்தி: அந்த மேலதிக முக்கால் ஏக்கருக்கு என்ன நடந்தது?

அம்மப்பா: கதிர் வந்தது.

பேத்தி: நெல்?

அம்மப்பா: பதர். மாட்டுக்குப் போட்டேன். அதுவும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பேத்தி: என் கொப்பியும் அப்படித்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுதியதை ஏழு மணிக்கு வாசித்தால் எனக்கே விளங்குவதில்லை.

அம்மப்பா: அப்ப இப்போதே கூட்டத்தை வைப்போம். நான்தான் அரச அதிபர். எத்தனை பாடம்?

பேத்தி: ஐந்து.

அம்மப்பா: உன் குளத்தில் தண்ணீர், நீ படுத்த மூன்று மணித்தியாலந்தான். இன்றைக்கு இரண்டு பாடந்தான் பங்கு. மற்றது, 7 மணி வரை நித்திரை. போன் என்னிடம்.

பேத்தி: என் பக்கத்திலிருந்தும் ஒரு தீர்மானம். இந்த முறை நீங்கள் பங்குக்கு மேல் ஒரு பிடி விதைக்கக் கூடாது.

அம்மப்பா: வழிமொழிகிறேன்.

(பேத்தி லைட்டை அணைக்கிறாள். இருட்டில் ஏதோ இரும்பு உரசுகிற சத்தம்.)

பேத்தி: அம்மப்பா, மண்வெட்டியோடு எங்கே போகிறீர்கள்?

அம்மப்பா: சும்மா, வரம்பு பார்க்க.

பேத்தி: எந்தப் பக்கத்து வரம்பு?

அம்மப்பா: நீ நித்திரை கொள் பிள்ளை.